தேவைக்கேற்ற கணினி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படித்த பிள்ளைகள் பட்ட பாட்டைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித் தர வேண்டும் என்னும் எண்ணம் அன்று பல இல்லங்களில் எழுந்தது. நல்ல எண்ணமே. ஆயினும், வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீணாகாதிருக்க, கடைக்குச் செல்லுமுன் சிலவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, பயன். தொடக்கப்பள்ளி மாணவர் கட்டுரை தட்டெழுதவும், இணையத்தில் பாடம் காணவும், பயிற்சி செய்யவும் எளிய கணினியே போதும். பொறியியல் வரைபடம் வரைவோருக்கும் படத்தொகுப்புச் செய்வோருக்குமே விலையுயர்ந்த கணினி தேவைப்படும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, உள்ளுறுப்புகள். கணினியை ஓர் அலுவலகமாக எண்ணிக்கொள்வோம். செயலி என்பது வேலை செய்யும் ஆள். நினைவகம் அவர் தாள்களைப் பரப்பிவைக்கும் மேசை. சேமிப்பகம் கோப்புகளை அடுக்கிவைக்கும் அலமாரி. மேசை சிறியதாயின் திறமையான ஆளும் தடுமாறுவார். விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பகமும் வேண்டும். அந்தக் குறைந்த அளவோடு வாங்கினால் கணினி மெதுவாக இயங்கும். அலமாரியும் விரைவில் நிறைந்துவிடும். மாணவருக்கு 8 கிகாபைட் நினைவகமும் 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் ஏற்றவை. சுழலும் தட்டுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. பன்மடங்கு விரைவானது.

மூன்றாவது, பழைய கணினி. பயன்படுத்திய கணினி மலிவாகக் கிடைக்கும், வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதன் வயதை அறிய வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. தலைமுறையைச் செயலியின் பெயரிலேயே காணலாம். ஐ5-6300 என்றிருப்பின் ஆறாம் தலைமுறை. ஐ5-8250 என்றிருப்பின் எட்டாம் தலைமுறை. "ஐ5" என்னும் ஒட்டுத்தாளை மட்டும் கண்டு மயங்கிவிடாமல், கணினியை இயக்கி முழுப் பெயரையும் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். மடிக்கணினியாயின், மின்கம்பியைக் கழற்றிவிட்டு மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பாருங்கள்.

நான்காவது, வடிவம். ஒரே விலையில் மேசைக் கணினி கூடுதல் ஆற்றல் தரும். பழுதான உறுப்பை மாற்றுவதும் எளிது. வீட்டில் பிள்ளைகள் பலர் முறைவைத்துப் பயன்படுத்த அது உகந்தது. விடுதிக்கும் கல்லூரிக்கும் கொண்டுசெல்வோருக்கு மடிக்கணினியே தக்கது. மின்தடை ஏற்பட்டாலும் அது சிறிது நேரம் இயங்கும். எதுவாயினும், இடிமின்னலின்போது மின்இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

ஐந்தாவது, பணம். கையிலுள்ள தொகை முழுவதையும் கணினிக்கே செலவிடலாகாது. இணையக் கட்டணத்திற்கும் சிறிது ஒதுக்க வேண்டும். தவணைமுறையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட வேண்டா. ரொக்க விலை 2,200 வெள்ளியாக உள்ள கணினிக்கு மாதம் 120 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டினால், மொத்தம் 2,880 வெள்ளியாகும். கூடுதலாகச் செல்வது 680 வெள்ளி! இக்கணக்கை வீட்டிலுள்ள ஐந்தாம் ஆண்டு மாணவரே போட்டுக் காட்டிவிடுவார். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மாணவச் செல்வங்களே! அண்டை வீட்டாரிடம் இருப்பதைப் போன்றே வேண்டும் என்று அடம்பிடித்தல் ஆகாது. உங்களுக்கு எது தேவை என்பதைப் பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். அளவறிந்து வாங்கிய எளிய கணினியும், நாள்தோறும் முறையாகப் பயன்படுத்துவோர் கையில் சிறந்த கல்விக் கருவியாகும்.