முறுகிய கோபுரம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் செஸ்டர்ஃபீல்டு என்று ஓர் ஊர். அவ்வூர் மாதா கோயிலின் ஊசிக் கோபுரத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்கள். ஈரத் துணியைப் பிழிந்தாற்போல் அது முறுகி நிற்கிறது! தரையிலிருந்து அதன் உயரம் 228 அடி. முறுக்கு 45 பாகை. நுனியோ நடுவிலிருந்து 9 அடி 6 அங்குலம் விலகியிருக்கிறது. சுமார் 1362-இல் கட்டி முடித்த கோபுரம் இது.

பக்கத்து ஊர்க் கொல்லன் சாத்தானுக்கு லாடம் அடிக்கும்போது ஆணியைக் காலில் ஏற்றிவிட்டானாம். வலி பொறுக்காத சாத்தான் துள்ளிக் குதித்துக் கோபுரத்தை உதைத்துவிட்டானாம். கதை சுவையானதுதான். நாம் கோபுரத்துக்குள்ளே நுழைந்து பார்ப்போம்.

உள்ளே இருப்பது கல் அன்று. ஓக் மரச் சட்டங்கள். வெட்டிய மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே பயன்படுத்தியதால் கோபுரம் முறுகியது என்பார்கள். மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. குறுக்கேதான் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், ஆரத்தின் திசையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். எனவே சட்டம் கோணுவது இயற்கை. ஆனால் அக்காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாக இழைப்பதுதான் வழக்கம். காய்ந்துவிட்டால் உளி இறங்காது. பச்சை மரம் மட்டுமே குற்றவாளி என்றால் இங்கிலாந்தின் மரக் கோபுரங்கள் எல்லாமே முறுகியிருக்க வேண்டுமே!

நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து, மூலைக்கு ஓர் ஆணி அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். குறுக்கே மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சி ஒன்றை அடித்தால் அசையாது. முக்கோணத்தின் வலிமை அது. செஸ்டர்ஃபீல்டு கோபுரத்தில் இந்தக் குறுக்குச் சட்டங்கள் போதவில்லை. 1348-49 ஆண்டுகளில் பரவிய கொள்ளை நோயில் கைதேர்ந்த தச்சர்கள் மடிந்துபோனதே இதற்குக் காரணம் எனக் கருதுகிறார்கள்.

இந்த எலும்புக்கூட்டின்மேல் ஏறியிருப்பது 33 டன் ஈயத் தகடு! டெர்பிஷயரில் ரோமானியர் காலத்திலேயே ஈயம் தோண்டினார்கள்; ஆகவே பஞ்சமில்லை. ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டர் ஈயம் 0.029 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.012 மில்லிமீட்டர்தான் நீளும். அவ்வூரில் வெயில் படுவது பெரும்பாலும் தென்புறத்தில். அங்கே தகடு விரியும். வடபுறம் குளிர்ந்தே கிடக்கும்.

விரிந்தது மாலையில் சுருங்கிவிடாதா என்று கேட்பீர்கள். முழுவதும் சுருங்காது. ஈயம் உருகுவது 327 பாகை செல்சியஸில். கெல்வின் அளவில் இது 600. வெயில் நாளின் 27 பாகை என்பது 300 கெல்வின். அதாவது, உருகுநிலையில் சரிபாதி! அந்த நிலையிலுள்ள உலோகம் தன் எடையாலேயே மெல்ல மெல்ல இழுபடும். சரிவான பரப்பில் அது கீழ்நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். பல நூற்றாண்டுகள் ஊர்ந்தால் கேட்கவா வேண்டும்?

ஈயத் தகடுகளை மீன்முள் வடிவில் சாய்த்துப் பதித்திருப்பதால், உள்ளதைவிட முறுக்கு அதிகமாகவே தோன்றுகிறது. கண்ணையும் முழுக்க நம்ப முடியாது.

கோயிலுக்குள் ஃபோல்ஜாம்பு குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்கள் உள்ளன. அவை அலபாஸ்டர் கல்லால் ஆனவை. அலபாஸ்டர் என்பது ஜிப்சத்தின் ஒரு வகை. நகத்தால் கீறினாலே கோடு விழும். ஆடை மடிப்புகளைச் சிற்பிகள் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது அதனால்தான். கட்டடம் எழும்பிய காலத்தில் கற்களையும் மரங்களையும் மேலே ஏற்றிய மர உருளை இயந்திரம் ஒன்றும் கோபுரத்தில் தங்கியிருந்தது. பிறகு அதை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1961 டிசம்பர் 22-இல் கோயிலின் வடபகுதியில் தீப்பிடித்தது. 1756-இல் ஸ்னெட்ஸ்லர் அமைத்த ஆர்கன் இசைக்கருவி எரிந்துபோயிற்று. ஈயமோ 327 பாகையில் ஒழுகிவிடும். அதற்கடியில் அறுநூறு ஆண்டு உலர்ந்த மரம்! நல்லவேளையாக, தீ கோபுரத்தை எட்டுவதற்குள் அணைத்துவிட்டார்கள்.