யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது: இரண்டுக்கும் பள்ளியில் பாடம் இருக்கு!

உங்க தெருவிளக்கு ஒரு வாரமா எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் "கரண்ட் ஆபீஸ்ல சொல்லுங்க" என்கிறார். எதிர்வீட்டு அக்கா "இல்ல, பஞ்சாயத்துல சொல்லணும்" என்கிறார். சரி, யாரிடம் சொல்வது? மனு கொடுப்பதென்றால் எப்படி எழுதுவது?

இந்த இரண்டு கேள்விக்கும் விடை, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்க பிள்ளையின் புத்தகப்பையிலேயே இருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதைச் சமூக அறிவியல் பாடம் சொல்லித் தருகிறது. எப்படிக் கேட்பது என்பதைத் தமிழ்ப் பாடமும் பள்ளியின் மொழி மன்றங்களும் பழக்குகின்றன.

யாரிடம் கேட்பது?

"சோசியல் தானே, மனப்பாடம் பண்ணினா போதும்" என்று நாமே பல நேரம் சொல்லிவிடுகிறோம். ஆனால் புத்தகத்தைத் திறந்து பாருங்க. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பகுதிகள். 8-ஆம் வகுப்பில் மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது, குடிமக்களும் குடியுரிமையும், நீதித்துறை ஆகியவை வருகின்றன. 9-ஆம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் பற்றித் தனிப் பாடமே உண்டு. 10-ஆம் வகுப்பில் இந்திய அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, வரிகள், உணவுப் பாதுகாப்பு எல்லாம் இருக்கின்றன.

தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு ஆகியவை உள்ளாட்சியின் வேலை என்று படித்த பிள்ளை, எதிர்வீட்டு அக்கா சொன்னதுதான் சரி என்று உடனே சொல்லிவிடும். கிராமம் என்றால் ஊராட்சி, நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. டிரான்ஸ்பார்மர் பழுது, மின்தடை என்றால்தான் மின்வாரியம். தவறான அலுவலகத்துக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தும் அறிவு இது.

எப்படிக் கேட்பது?

10-ஆம் வகுப்புத் தமிழில் கடிதம் எழுதுதல், படிவம் நிரப்புதல் இரண்டும் உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் என்று தேர்வுக்காகப் பழகும் அதே வடிவம்தான் நாம் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்கும்.

ஆனால் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. கவுன்டரில் நின்று நாலு வார்த்தை தெளிவாகப் பேசவும் வேண்டும். அதற்குத்தான் மன்றங்கள். தமிழ் மன்றமும் ஆங்கில மன்றமும் பல பள்ளிகளில் காலங்காலமாக நடப்பவை. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் போன்றவற்றுக்குப் புத்துயிர் கொடுக்கப்பட்டது. பேச்சு, கட்டுரை, கவிதை என்று பள்ளி அளவில் தொடங்கும் போட்டிகள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை போகின்றன.

பரிசு வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, கை நடுங்கினாலும் இரண்டு நிமிடம் பேசி முடித்த பிள்ளைக்கு, அதற்குப் பிறகு எந்த அலுவலகப் படியும் பெரிதாகத் தெரியாது. ஆங்கில மன்றத்திலும் அப்படித்தான். தப்பும் தவறுமாகவாவது பேசிப் பழக ஓர் இடம் வேண்டும் இல்லையா?

மன்ற வேளை நடக்கிறதா?

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது மன்ற வேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எளிது. மேடை ஏறுவதும் நன்றாகப் பேசும் அதே இரண்டு மூன்று பிள்ளைகளாகவே இருந்துவிடலாம். இதில் இழப்பு யாருக்கு? வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான். அந்த வீட்டில் மனு எழுதவும் படிவம் நிரப்பவும் அந்தப் பிள்ளையை விட்டால் வேறு ஆள் இருக்காது.

எனவே வீட்டில் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க:
1. இந்த மாதம் மன்றக் கூட்டம் நடந்ததா?
2. நீ எதிலாவது கலந்துகொண்டாயா?
3. சமூக அறிவியலில் இந்த வாரம் என்ன பேசினீர்கள்?

பதில் திருப்தியாக இல்லையென்றால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுப்பலாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண்ணும் உண்டு.

உதவித்தொகை முதல் அரசு வேலை வரை

8-ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில், பாடப் பகுதியின் 90 கேள்விகளில் 35 சமூக அறிவியல். தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாதம் ரூ.1,000. பிளஸ் 1 மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டு கிடைக்கும். அதற்கான பாடத்திட்டம் 10-ஆம் வகுப்புத் தமிழ்தான். குரூப் 4 தேர்விலும் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன. பொது அறிவுக் கேள்விகளுக்கும் பள்ளிச் சமூக அறிவியல் புத்தகங்களே அடிப்படை.

இன்றே செய்யக்கூடியவை

• பாடநூல்களை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். 9-ஆம் வகுப்புக் குடிமையியலை நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்க.
• அடுத்த முறை மனு எழுதும்போது பிள்ளையையே எழுதச் சொல்லுங்க. முதல்வரின் 1100 உதவி எண்ணில் புகார் பதியும்போதும் பக்கத்தில் உட்கார வையுங்க.
• கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒருமுறை பிள்ளையை அழைத்துப் போங்க. ஓட்டுரிமை இல்லாவிட்டாலும், புத்தகத்தில் படித்தது நேரில் நடப்பதைப் பார்க்கலாம்.

அந்தத் தெருவிளக்குக்கான மனுவை இன்று மாலையே உங்க பிள்ளை எழுதட்டும். நீங்க கையெழுத்துப் போட்டு, இருவரும் சேர்ந்தே போய்க் கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீங்க!