உங்களுக்குத் தெரியுமா? சக்கரத்தை மூடும் மட்கார்டு

கவாசாகி வல்கன் 800 டிரிஃப்டர் 1999-ல் அறிமுகமான பைக். பெயரைப் படிக்காமல் பார்த்தால் ஜப்பான் வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு சக்கரங்களின் மேற்பாதியையும் போர்த்திக்கொண்டு இறங்கும் அகன்ற மட்கார்டு, டேங்க்கின் மேலேயே பதித்த ஸ்பீடோமீட்டர், கம்பிச் சக்கரம் என எல்லாமே 1940-களின் அமெரிக்கச் சாலைக்குரியவை.

★

அந்த மட்கார்டின் மூலவர் 'இந்தியன் சீஃப்' என்ற அமெரிக்க பைக். பெயரில் இந்தியன் இருந்தாலும் நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறித்து வைத்த பெயர் அது. ஜார்ஜ் ஹெண்டியும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராமும் 1901-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிய நிறுவனம்தான் இந்தியன். சீஃப் 1922-ல் வந்தது. அதை வடிவமைத்த சார்லஸ் ஃபிராங்க்ளின் அயர்லாந்துக்காரர். சக்கரத்தை மூடும் மட்கார்டு 1940-ல்தான் சேர்ந்தது. அதன்பின் சீஃப் என்றாலே அந்த மட்கார்டுதான் நினைவுக்கு வரும் என்றாகிவிட்டது. ஆனால் 1953-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரிப்பு நின்றுபோனது.

★

டிரிஃப்டர் வந்த அதே 1999-ல் கலிபோர்னியாவின் கில்ராய் ஊரில் இந்தியன் என்ற பெயரை வாங்கி ஒரு புதிய நிறுவனம் தொடங்கியது. அதுவும் சீஃப் தயாரித்தது. 2003-ல் திவாலானது. டிரிஃப்டர் 800 அதற்குப் பிறகும் 2006 வரை விற்பனையில் இருந்தது. பெயருக்கு உரிமை இருந்தவர்களைவிட உருவத்தை நேசித்தவர்கள் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள் என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

★

தோற்றம் தாத்தா காலத்தது, எஞ்சின் அப்படியல்ல. 805 சிசி, வி வடிவில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் நான்கு வால்வு, தண்ணீரால் குளிரூட்டும் அமைப்பு. ரேடியேட்டர் எங்கே என்று தேட வேண்டும்: சேஸியின் முன்பக்கக் குழாய்கள் இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வரிவரியான உலோகத் தகடுகள், காற்றால் குளிரும் பழைய எஞ்சினைப் போலத் தெரியவேண்டும் என்பதற்காகவே வார்க்கப்பட்டவை.

★

பழைய அமெரிக்க வி-ட்வின், அதாவது வி வடிவ இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், ஏன் தடதடவென்று சீரில்லாமல் துடிக்கிறது? இரண்டு பிஸ்டன்களும் கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரே பின்னில் மாட்டப்பட்டிருப்பதால். ஹார்லி-டேவிட்சனின் சிலிண்டர்களுக்கு இடையே 45 டிகிரி கோணம். ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது வெடிக்கும். அதற்கடுத்த வெடிப்புக்கு 405 டிகிரி காத்திருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுதான் காதில் விழும் தாளம்.

ஹோண்டாவின் பொறியாளர்கள் ஷேடோ பைக்குகளில் இந்த அதிர்வை அடக்க ஒரு அழகான வழி கண்டார்கள். 52 டிகிரி கோணமுள்ள எஞ்சினில் ஒரே பின்னுக்குப் பதில் இரண்டு பின் வைத்து, ஒன்றுக்கொன்று 76 டிகிரி தள்ளி அமைத்தார்கள். முதன்மை அதிர்வு ஏறக்குறைய காணாமலே போனது. நல்ல பொறியியல்தான். ஆனால் வாங்குபவர்களுக்கு அந்தத் தடதடப்பு வேண்டியிருந்தது! 1995-ல் வந்த ஷேடோ ஏஸ் 1100-ல் ஹோண்டா மறுபடி ஒரே பின்னுக்குத் திரும்பியது. கொஞ்சம் சக்தி குறைந்தது, அதிர்வு கூடியது, சத்தம் வந்தது. டிரிஃப்டரிலும் ஒரே பின்தான். ஆனால் கவாசாகி கூடவே ஒரு பேலன்சரையும் வைத்தது. துடிப்பு இருக்கும், கை மரத்துப்போகாது.

★

எஞ்சின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு ஹார்லி-டேவிட்சன் 1994-ல் விண்ணப்பித்தது. ஜப்பானிய நிறுவனங்கள் உள்ளிட்ட போட்டியாளர்கள் எதிர்த்தார்கள். 2000-ல் ஹார்லி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

★

ஓர் இறக்குமதி வரி எஞ்சினின் அளவையே மாற்றிய கதை இது. 1980-களின் தொடக்கத்தில் ஹார்லி கடும் நெருக்கடியில் இருந்தது. ஜப்பானியப் பெரிய பைக்குகளிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று அரசிடம் முறையிட்டது. 1983 ஏப்ரலில் அதிபர் ரீகன் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கான வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும் என்பது ஏற்பாடு. ஜப்பானியர்கள் எஞ்சினைச் சற்றே சுருக்கினார்கள். 750 சிசியாக இருந்த ஹோண்டா ஷேடோவும் யமஹா விராகோவும் அமெரிக்காவில் 700 ஆயின. கவாசாகியின் வல்கன் அங்கே முதலில் 699 சிசியாகவே இறங்கியது. பிற நாடுகளுக்குப் போனது 750. நடுத்தர க்ரூஸரில், அதாவது இந்த அமெரிக்கத் தோற்ற பைக்கில், ஜப்பான் இத்தனை அக்கறை காட்டியதற்கு இந்த வரியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1987-ல் ஹார்லியே முன்வந்து, இனி எங்களுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாம், வரியை முன்கூட்டியே நீக்கலாம் என்றது.

★

ஜப்பானில் சாதாரண பைக் லைசென்ஸ் 400 சிசி வரைதான் செல்லும். அதற்கு மேல் ஓட்டும் லைசென்ஸை 1996 வரை டிரைவிங் ஸ்கூலில் படித்து வாங்க முடியாமல் இருந்தது. தேர்வு மையத்தில் நேரடியாகத் தேற வேண்டியிருந்தது, தோற்றுப்போனவர்களே அதிகம். அதனால்தான் அங்கே ஹோண்டா ஸ்டீட் 400, யமஹா டிராக் ஸ்டார் 400 என்று 400 சிசியில் அமெரிக்கத் தோற்றத்துக்கு ஒரு தனி உலகமே இருந்தது. டிரிஃப்டருக்கும் ஒரு 400 வடிவம் உண்டு.

★

ஜப்பானுக்கு அமெரிக்க வி-ட்வின் புதிதல்ல. 1930-களிலேயே ஹார்லியின் அனுமதியோடு அங்கே அதன் பைக்கைத் தயாரித்தார்கள். பின்னர் அதற்கு ரிக்குவோ என்ற சொந்தப் பெயர் கிடைத்தது, ராணுவமும் பயன்படுத்தியது. போர் முடிந்த பிறகும், 1950-களின் பிற்பகுதி வரை, ரிக்குவோ தயாரிப்பில் இருந்தது.

★

இந்த பைக்குகள் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத பழைய வண்டி மாதிரி தெரியும், ஆனால் ஸ்பிரிங் இருக்கும். ஹார்லி 1984-ல் சாஃப்டெயிலில் ஷாக் அப்சார்பரை கியர்பாக்ஸுக்கு அடியில் ஒளித்தது. வல்கன் 800-லும் டிராக் ஸ்டார் 650-லும் ஒற்றை ஷாக் அப்சார்பர் சீட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

★

எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக டிரிஃப்டர் 800-க்கு செயின். யமஹா டிராக் ஸ்டார் 650-க்கு ஷாஃப்ட். 2006-ல் வந்த வல்கன் 900-க்கு பெல்ட். நீண்ட பயணம் போகிறவர், செயினுக்கு எண்ணெய் விடும் வேலையே இல்லாத ஷாஃப்ட்டைத்தான் விரும்புவார். நானும் அந்தப் பக்கம்தான். டிராக் ஸ்டார் எஞ்சின் உண்மையிலேயே காற்றால் குளிர்வது என்பதும் அதற்குக் கூடுதல் மதிப்பு.

★

நம் தெருக்களில் ஓடும் பஜாஜ் அவெஞ்சருக்கும் ஜப்பான் உறவு உண்டு. பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் எலிமினேட்டர் என்ற 175 சிசி க்ரூஸரை இந்தியாவில் விற்றன. அந்த வண்டியின் உடலமைப்பைத் தொடர்ந்து, பல்சர் குடும்பத்து 180 சிசி எஞ்சினுடன், 2005-ல் வந்ததுதான் அவெஞ்சர்.