வில்மரத்தின் நுனிக்கு ஏன் மெழுகு?

அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் வளரும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை ஆளுயரக் கட்டைகளாகப் பிளந்து, வில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். வழியில் ஒடிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வில்லாக வளையப்போகிற மரம் அத்தனை எளிதில் ஒடியாது. வெடிப்புதான் அதற்கு எமன்.

ஏன்? மரத்தில் நீர் ஏறும் நுண்குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டிய நுனியில் அவை வாய் திறந்து நிற்பதால், பக்கங்களைவிட அங்கே ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். நுனி சுருங்கப் பார்க்கும். இன்னும் ஈரமாக இருக்கும் உட்பகுதி விடாது. இந்த இழுபறியில் நுனி பிளக்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம் குறுக்கே ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு; அதனால் பிளவு வளையங்களை வெட்டிக்கொண்டு நடுவை நோக்கி ஓடும்.

எனவே, வெட்டிய கையோடு இரு நுனிகளிலும் மெழுகோ மரப்பசையோ தடிப்பாகப் பூசுவார்கள். பட்டையையும் உரிப்பது நல்லது. மரம் துளைக்கும் வண்டுப் புழுக்கள் அதனடியில்தான் குடியிருக்கும். உரித்த முதுகு சடுதியில் காயுமே? அங்கும் ஒரு பூச்சு. பிறகு இரண்டு கட்டைகளைச் சேர்த்து இறுகக் கட்டி, நுனிகளுக்குத் தடித்த அட்டை உறை போடுவார்கள். பூச்சு உரசி உதிர்ந்தால் பட்ட பாடெல்லாம் வீண்!