ராமென் கடையில் நண்பருடன்

நுழையுமுன்

பெற்றோரின் பணிமாறுதலால் ஊர்விட்டு ஊர் சென்று பயிலும் மாணவர்கள் நம் பள்ளிகளில் பலர் உள்ளனர். புதிய ஊரில் முதலில் அயலாகத் தோன்றுவது மொழி. அதனை அடுத்து உணவு. மொழியும் உணவும் ஒருங்கே அயலாக இருக்கும் ஓர் இடத்தில் நண்பருடன் அமர்ந்து உண்பதற்கு எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடை வாயிலில்

நீங்களும் உங்கள் நண்பர் ஒருவரும் ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில் ஒரு மாலைப்பொழுதில் பசியுடன் நடந்து செல்வதாகக் கொள்வோம். நீங்கள் எவ்வகை உணவையும் உண்பவர். நண்பரோ புலால் உண்ணாதவர். தெருவோரத்தில் ஒரு சிறிய கடை. வாயிலில் துணித்திரை தொங்குகிறது. உள்ளே சமையல் மேடையை ஒட்டி நீண்ட பலகையும், அதன்முன் வரிசையாக இருக்கைகளும் உள்ளன. இதுவே ராமென் கடை. ராமென் என்பது கோதுமை மாவிழைகளைச் சூடான சாற்றில் இட்டுக் கிண்ணத்தில் வழங்கும் உணவாகும்.

இத்தகைய கடைகள் பலவற்றில் உணவுச்சீட்டு வழங்கும் பொறி ஒன்று வாயிலருகே நிற்கும். அதில் பணத்தை இட்டு, வேண்டிய உணவுக்குரிய பொத்தானை அழுத்தினால் சீட்டு வெளிவரும். அதனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அமர வேண்டும். பொறியில் உள்ள எழுத்துகள் நமக்குப் புரிவதில்லை. படங்களை நோக்குகிறோம். ஒரு படத்தில் பால்போல் வெண்ணிறமான சாறு; அதன்மேல் இறைச்சித் துண்டுகள் இரண்டு. "அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமே" என்கிறார் நண்பர். போதுமா? இவ்வினாவுக்கு விடை காண, ராமென் உருவாகும் முறையை அறிதல் வேண்டும்.

பெயரும் வரலாறும்

ஜப்பானிய மொழி மூவகை எழுத்துகளால் எழுதப்படுகிறது. அவற்றுள் 'கதகனா' என்பது பெரும்பாலும் அயல்மொழிச் சொற்களை எழுதப் பயன்படுவது. ராமென் என்னும் பெயர் பெரும்பாலும் இவ்வெழுத்திலேயே எழுதப்படுகிறது. இவ்வுணவு வெளியிலிருந்து வந்தது என்பதை அதன் எழுத்தே காட்டுகிறது எனலாம்.

யோகோகாமா முதலிய துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர் வழியாக மாவிழை உணவு ஜப்பானில் பரவியது. 1910ஆம் ஆண்டில் டோக்கியோவின் அசகுசா பகுதியில் திறக்கப்பட்ட 'ராய்ராய்கென்' என்னும் கடை இவ்வுணவைப் பொதுமக்களிடையே புகழ்பெறச் செய்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரிசி அரிதாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு, மாவிழை உணவை எளியோரின் பசியாற்றும் உணவாக்கியது. 1958ஆம் ஆண்டில் மோமோஃபுக்கு ஆண்டோ என்பவர் மாவிழைகளை எண்ணெயில் பொரித்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றியதும் உண்ணத்தக்க உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் வீடுகளில் சில நிமிடங்களில் வேகும் நூடுல்ஸ் அதன் வழிவந்ததே.

கிண்ணத்தின் அமைப்பு

ராமென் கிண்ணத்தில் ஐந்து கூறுகள் உள்ளன.

முதலாவது, சுவைக்கூட்டு. இதனைத் 'தாரே' என்பர். உப்பு, சோயா அவரையிலிருந்து வடிக்கும் 'ஷோயு', அவ்வவரையைப் புளிக்கவைத்து அரைத்த 'மிசோ' ஆகியவற்றுள் ஒன்று இதற்கு அடிப்படையாகும். இது முதலில் கிண்ணத்தின் அடியில் இடப்படுகிறது.

இரண்டாவது, சாறு. கோழி அல்லது பன்றி எலும்புகளை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்குவது பெருவழக்கு. புகையிட்டு உலர்த்திய சூரை மீன் சீவல், உலர்ந்த சிறுமீன், 'கொம்பு' என்னும் கடற்பாசி ஆகியவற்றையும் சேர்ப்பர்.

மூன்றாவது, எண்ணெய். பல கடைகளில் இது விலங்குக் கொழுப்பாகவே இருக்கும்.

நான்காவது, மாவிழை. கோதுமை மாவுடன் 'கான்சுய்' என்னும் காரநீரைச் சேர்த்துப் பிசைவதனால் இழைகள் மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் பெறுகின்றன. சிலர் முட்டையும் சேர்ப்பதுண்டு.

ஐந்தாவது, மேலீடு. பன்றி இறைச்சித் துண்டு, அவித்த முட்டை, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள், 'நோரி' என்னும் கடற்பாசித் தாள் முதலியன இதில் அடங்கும்.

பெயர் சொல்லாத செய்தி

இப்பொழுது நண்பரின் கூற்றை ஆராய்வோம். அவர் நீக்கச் சொல்வது ஐந்தாவது கூற்றை மட்டுமே. இரண்டாவதும் மூன்றாவதும் கிண்ணத்திலேயே இருக்கும். படத்தில் கண்ட வெண்ணிறச் சாறு பாலன்று. பன்றி எலும்புகளைப் பல மணிநேரம் கடுமையாகக் கொதிக்கவைக்கும்போது அவற்றிலுள்ள கொழுப்பும் பசைப்பொருளும் நீரோடு கலந்து அவ்வெண்மையைத் தருகின்றன. 'தோன்கொத்சு' என்னும் அதன் பெயருக்கே பன்றி எலும்பு என்பது பொருள்.

தோன்கொத்சு என்னும் பெயர் சாற்றைக் குறிக்கிறது. ஆனால் 'ஷியோ ராமென்', 'ஷோயு ராமென்', 'மிசோ ராமென்' என்னும் பெயர்கள் சுவைக்கூட்டையே குறிக்கின்றன. சாறு எதனால் ஆனது என்பதை அவை சொல்வதில்லை. மிசோ அவரையால் ஆனது என்பது மெய்யே. எனினும் மிசோ ராமெனின் சாறு பெரும்பாலும் எலும்புச் சாறே. எனவே பெயரை மட்டும் நம்பி நண்பரிடம் "இது உனக்கு ஏற்றது" என்று கூறிவிடுதல் பிழையாகும்.

கேட்டறிதல்

சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுதல் நன்று. 'நிகு' என்றால் இறைச்சி. 'சகானா' என்றால் மீன். 'தமாகோ' என்றால் முட்டை. 'நிகு நாஷி', அதாவது 'இறைச்சி இல்லாமல்', என்று மட்டும் சொன்னால் மேலே இடும் துண்டுகள் நீங்கலாம், சாறு மாறாது. ஆகவே சாற்றைப் பற்றித் தனியாகக் கேட்டல் வேண்டும். அச்சாறு பெரிய கலத்தில் பல மணிநேரமாகக் கொதித்துக்கொண்டிருப்பது. ஒருவருக்காக அதனை மாற்றிச் சமைக்க இயலாது. "இங்கு உங்களுக்கேற்ற உணவு இல்லை" என்று கடைக்காரர் கூறுவாராயின் அது அவமதிப்பன்று, நேர்மையான விடை. நன்றி கூறி வெளியேறலாம்.

இவ்விடத்தில் நண்பர் கூச்சத்தால், "பரவாயில்லை, நீ சாப்பிடு, நான் அருகில் அமர்ந்திருக்கிறேன்" என்று சொல்லக்கூடும். தாம் ஒருவருக்குச் சுமையாகிவிட்டோமோ என்னும் எண்ணமே அவரை அவ்வாறு பேசச் செய்கிறது. அவர் பசித்திருக்க, நாம் உண்டு மகிழ்வது உடன் உண்பதாகாது.

புலால் கலவாத சாறு ஜப்பானுக்குப் புதியதன்று. பௌத்த மடங்களில் வழங்கும் 'ஷோஜின்' உணவில் கொம்புப் பாசியும் உலர்ந்த 'ஷீதாகே' காளானும் சாற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. கொம்புப் பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்னும் பொருள் என்பதை 1908ஆம் ஆண்டில் கிகுனே இகேதா என்னும் வேதியியல் அறிஞர் கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். டோக்கியோ போன்ற பெருநகரங்களில் காய்கறிச் சாற்றில் ராமென் சமைக்கும் கடைகளும் உள்ளன. இன்னும் சிறிது தொலைவு நடந்தால், இருவரும் உண்ணத்தக்க கடை ஒன்றைக் காணலாம்.

உண்ணும் முறை

கிண்ணம் வந்ததும் 'இததாகிமாசு' என்று கூறி உண்ணத் தொடங்குவது ஜப்பானியர் வழக்கம். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். மாவிழைகளை ஓசையெழ உறிஞ்சி உண்ணுதல் அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. சூடு தணியவும் மணம் மூக்கை எட்டவும் அது உதவுகிறது. காலம் தாழ்த்தினால் இழைகள் சாற்றில் ஊறித் தளர்ந்துவிடும். ஆதலின் விரைந்து உண்பர். உண்குச்சியால் எடுத்த உணவை மற்றவரின் உண்குச்சிக்கு நேரே கொடுத்தல் ஆகாது; அச்செயல் ஈமச்சடங்கை நினைவூட்டும். உண்டு முடித்ததும் 'கோச்சிசோசமா' என்று நன்றி கூறி எழுவர். பணியாளருக்குத் தனியே அன்பளிப்புப் பணம் தரும் வழக்கம் அங்கில்லை.

மாணவர்களே! நும் வகுப்பறையிலும் மதிய உணவு வேளையில் பல மாநிலத்தாரின் உணவுக் கலங்கள் ஒருசேரத் திறக்கப்படுகின்றன. முட்டை உண்ணாதவர், வெங்காயமும் பூண்டும் தவிர்ப்பவர், சில நாள்களில் மட்டும் நோன்பிருப்பவர் எனப் பலர் அருகருகே அமர்கின்றனர். உங்கள் கலத்திலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டுமுன், அதில் என்ன உள்ளது என்பதை நண்பருக்குச் சொல்லுங்கள். அவர் தயக்கமின்றிக் கை நீட்டுவார்.

சொல்லும் பொருளும்

புலால் – இறைச்சி, மீன் முதலிய ஊன் உணவு
மாவிழை – மாவினால் ஆன நீண்ட இழை, நூடுல்ஸ்
மேலீடு – மேலே இடப்படுவது
பொறி – இயந்திரம்
கலம் – பாத்திரம்

கற்பவை கற்றபின்

1. ராமென் கிண்ணத்தின் ஐந்து கூறுகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. 'மிசோ ராமென்' என்னும் பெயரைக் கொண்டே அது புலால் கலவாத உணவு என்று முடிவு செய்யலாமா? காரணம் தருக.
3. "நீ சாப்பிடு, நான் அருகில் அமர்ந்திருக்கிறேன்" என்று நண்பர் கூறினால் நீ என்ன செய்வாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உன் வீட்டு உணவு ஒன்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் பொருள்களை வீட்டாரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.