கேள்வி கேட்கக் கற்ற வைத்தியர்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் ஓடுகிறோம். அவர் எழுதித் தரும் மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கிறோம். அந்த மருந்தை இந்த அளவில், இத்தனை நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் ஆராய்ந்து கண்டிருக்கிறார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அப்படி ஆராய்பவர்களில் பலர் காலையில் வாட்டில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மாலையில் தரவுகளோடு அமரும் வைத்தியர்களே. அவர்கள் தாமாக உருவாவதில்லை. மூத்தவர் ஒருவர் கைபிடித்து வளர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வயிற்றோட்டத்தின் போது நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் டாக்காவிலிருந்த கொலரா ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் அப்போது இருபது வயதுகளில் இருந்த இளம் வைத்தியர்கள். குளுக்கோசும் உப்புகளும் சேர்ந்த கரைசலை வாயினால் குடிக்கக் கொடுத்தால், கொலரா நோயாளருக்கு நாளத்தினூடாக ஏற்றும் சேலைனின் தேவை பெரிதும் குறையும் என அவர்கள் காட்டினர். அந்த ஆய்வுகூடமே 1978இல் சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையமாக மாறியது. பல இளம் வைத்தியர்கள் ஆய்வாளர்களாக உருவான இடம் அது.

மூன்று மரணங்கள் எழுப்பிய கேள்வி

அவர்களுள் ஒருவர் பங்களாதேஷைச் சேர்ந்த டாக்டர் முகம்மது ஜொபாயர் சிஷ்தி. 1996இல் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பயிலுனர் வைத்தியராகச் சேர்ந்த முதல் இரவிலேயே நியூமோனியா கண்ட மூன்று பிள்ளைகள் அவர் கண்முன்னே இறந்தனர். இந்த மரணங்களைத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று அன்று அவர் உறுதி பூண்டார்.

உறுதி மட்டும் போதாது. துயரத்தை ஆராயக்கூடிய கேள்வியாக மாற்றத் தெரிய வேண்டும். அதற்கான பயிற்சி அவருக்கு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் கிடைத்தது. அங்கே பேராசிரியர் ட்ரெவர் டியூக், வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளுக்கு ஒட்சிசன் கொடுப்பது பற்றிப் பப்புவா நியூகினியில் பல ஆண்டுகள் உழைத்தவர். எமது வறுமையை அறியாத ஒருவரிடம் கற்பதற்கும், அதை நேரில் கண்ட ஒருவரிடம் கற்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

போத்தலும் நீர்க்குமிழியும்

சுவாசிக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு உதவும் குமிழி முறைக் கருவியைச் சிஷ்தி மெல்பேர்ணில் கண்டார். குழந்தை மூக்குக் குழாய் வழியே ஒட்சிசனை உள்ளிழுக்கிறது. வெளிவிடும் காற்று, நீருக்குள் அமிழ்ந்திருக்கும் குழாய் வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. அந்த நீரின் அழுத்தம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டி மூடிக்கொள்ளாமல் காக்கிறது. விற்பனைக்குள்ள கருவியோ விலை கூடியது. நாடு திரும்பியவர் ஒரு ஷாம்பு போத்தல், நீர், பிளாஸ்ரிக் குழாய் என்பவற்றைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும் அமைப்பை உருவாக்கினார்.

இந்த இடத்தில்தான் ஆய்வுப் பயிற்சி கைகொடுத்தது. கருவி நல்லது என்று அவர் உடனே அறிவித்துவிடவில்லை. கடும் நியூமோனியாவும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவும் கொண்ட, 5 வயதுக்குட்பட்ட 225 பிள்ளைகள் 2011 முதல் 2013 வரை ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எந்த முறை என்பது சீட்டுக் குலுக்குவது போல் தீர்மானிக்கப்பட்டது. குமிழி முறையில் 79 பேரில் 3 பேர் இறந்தனர். வழமையான குறைந்த ஓட்ட ஒட்சிசன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தனர். இந்த வேறுபாடு தெரிந்ததும், பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2015இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஒரு விடையோடு முடிவதில்லை

ஆபிரிக்காவின் மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் வேறொரு குழுவினர் குமிழி முறையை ஆராய்ந்தனர். அங்கே நாள்தோறும் வைத்தியரின் மேற்பார்வை இருக்கவில்லை. ஏற்கனவே ஆபத்தான நிலையிலிருந்த 644 பிள்ளைகள் பங்குபற்றினர். 2019இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. குமிழி முறையில் 17 வீதமானோரும் சாதாரண ஒட்சிசனில் 11 வீதமானோரும் இறந்தனர்.

ஒரே முறை ஓரிடத்தில் உயிர் காத்து இன்னோரிடத்தில் ஏன் தோற்றது? பிள்ளையின் அருகே யார் நின்றார்கள் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று இதிலிருந்து பலர் உணர்ந்தனர். சிஷ்தியின் குழுவினரும் எதியோப்பியாவின் பொது ஆஸ்பத்திரிகளில் மீண்டும் ஆராய்ந்தனர். வைத்தியர்களும் தாதியரும் பயிற்றப்பட்ட அங்கே பயன் தெரிந்தது. தனக்குப் பிடித்த விடைக்கு எதிரான சான்று வரும்போது அதை மறைக்காமல் மறுபடியும் கேட்கும் நேர்மையை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. வழிகாட்டியின் நடத்தையைப் பார்த்தே இளையவர் அதைக் கற்கிறார்.

வழிகாட்டி கொடுக்க வேண்டியவை

முதலாவது நேரம். இரவு பகலாக வாட்டில் நிற்கும் இளம் வைத்தியரிடம் ஆராய்ச்சியும் செய் என்றால் எப்படி முடியும்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் இளம் வைத்திய ஆய்வாளருக்கு அளிக்கும் சில உதவித்தொகைகளில், அவரது தொழில் நேரத்தில் குறைந்தது 75 வீதம் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டாவது, கண்டிப்புடன் கூடிய அன்பு. கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தருவதும், பெற்றோரிடம் சம்மதம் பெறுவதை வெறும் கையொப்பமாக்க விடாமல் தடுப்பதும், இளையவரின் உழைப்புக்கு இளையவரின் பெயரையே முன்னே இடுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, பெண்களின் வாழ்க்கை பற்றிய புரிதல். ஆய்வாளராக வளர வேண்டிய அதே ஆண்டுகளில்தான் ஒரு பெண் வைத்தியர் தாயுமாகிறார். பிரசவ விடுமுறை முடிந்து வரும்போது வாய்ப்பு இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். இதை உணர்ந்தே மேற்சொன்ன அமெரிக்க நிறுவகம், ஆரம்பநிலை ஆய்வாளர் எனக் கணிக்கும் 10 ஆண்டுக் காலத்தைப் பிள்ளைப்பேற்றுக்காக ஓராண்டு நீடிக்கலாம் என 2018இல் அறிவித்தது. பிள்ளைகளின் நோயை ஆராயும் துறையில் தாய்மார் பின்தங்கிப் போனால் நட்டம் யாருக்கு?

எமது பங்கு

சகோதரிகளே, எமக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்பத்திரியில் உங்கள் பிள்ளையை ஆய்வொன்றில் சேர்க்கலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டால் பயந்து ஒதுங்கிவிடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடவும் வேண்டாம். என்ன செய்யப் போகிறீர்கள், என்ன ஆபத்து, விரும்பினால் இடையில் விலகலாமா என்று கேளுங்கள். நன்கு பயிற்றப்பட்டவர் பொறுமையோடு பதில் சொல்வார்.

வைத்தியத்துறைக்குச் சென்ற உங்கள் மகளோ மருமகளோ "ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்றால், "தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் உழைக்கலாமே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவளுடைய பிள்ளையைச் சில மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டால், முகம் தெரியாத எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளுக்காக அவள் உழைப்பாள்.