கல்லாப்பெட்டி ஓரத்து மீன் தொட்டியும் ஒரு பழைய சோக்கும்



வாஸ்துவுக்காகக் கடையில் மீன் தொட்டி வைத்தவர்கள் நம்மில் உண்டு. வாடிக்கையாளருடன் வரும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. போடிநாயக்கனூரில் நமது கடையிலும் கல்லாப்பெட்டி ஓரத்தில் இரண்டரை அடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடிக்குள் எரிந்த டியூப் லைட் நமக்குக் கற்பித்த பாடத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மூன்று மாதமாக அந்த விளக்கு இரைந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு எரியும். ஸ்டார்ட்டரைத் திருகினால் சரியாகும். வியாபார மும்முரத்தில் அத்துடன் மறந்துவிடுவோம். ஒரு நாள் இரவு கடை அடைக்கும் நேரத்தில் கருகல் வாடை வந்தது. மூடியைத் திறந்தால், சோக்கிலிருந்து தார் போன்ற கரிய மெழுகு உருகி வழிந்து, பிளாஸ்டிக் மூடியே நெளிந்து போயிருந்தது. மூன்றடி தள்ளி, உள்ளே கறுப்பு பாலிதீன் உறையிட்ட ஏலக்காய்ச் சாக்குகள்! விளக்கை எரியவிட்டுப் பூட்டிச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சோக் என்பது இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். ஸ்டார்ட்டருடன் சேர்ந்து குழலைப் பற்ற வைப்பதும், பற்றிய பின் மின்சாரம் அளவுக்கு மேல் பாயாமல் தடுப்பதும் அதன் வேலை. லேசான இரைச்சல் இயல்பு. இரைச்சல் நாளுக்கு நாள் கூடினாலும், தொட முடியாத சூடு இருந்தாலும், மெழுகு கசிந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். மீன் தொட்டி மூடிக்குள் சூட்டுடன் நீராவியும் சேருவதால், சோக்கும் ஹோல்டரும் சீக்கிரம் கெடுகின்றன.

எது பழுது என்று முதலில் அறிய வேண்டும். குழலின் முனைகள் கறுத்திருந்தால் குழல் தேய்ந்துவிட்டது. இரு முனைகளும் சிவந்து, நடுவில் எரியாமல் நின்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர். இரண்டையும் மாற்றியும் எரியாவிட்டாலோ, புதுக் குழல் மிகப் பிரகாசமாக எரிந்து சீக்கிரமே போய்விட்டாலோ சோக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றும் முறை எளிது, அவசரம் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது. விளக்கு, காற்று மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மூடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, உலர்ந்த மேசையில் வைத்து, சோக் ஆறிய பிறகே கை வைக்கலாம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தாளில் குறித்துக்கொள்வது நல்லது. குழலின் வாட்டுக்கு ஏற்ற சோக்தான் வாங்க வேண்டும். 20 வாட் குழலுக்கு 40 வாட் சோக் ஆகாது. சோக் பேஸ் கம்பியில் வர வேண்டும். எலக்ட்ரானிக் சோக் என்றால் ஸ்டார்ட்டர் தேவையில்லை. இணைப்பு முறை வேறு, அதன் மேல் உள்ள படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். கம்பி வேலை பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

புதுச் சோக்கை நாம் மூடிக்குள் வைக்கவில்லை. நீர் தெறிக்காத சுவரில், சாக்குகளுக்கு எட்டாத உயரத்தில் பொருத்தினோம். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தோம். வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலேறும்படி விட்டோம். வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் போட்டோம்.

இனி டியூப் லைட்டுக்கே காலம் முடிகிறது. அதில் பாதரசம் உண்டு என்பதால், 2027 இறுதிக்குள் இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதென 2023-இல் ஜெனீவாவில் நடந்த மினமாட்டா உடன்பாட்டு மாநாடு முடிவு செய்தது. எல்.இ.டி.க்கு மாறுவோர் கவனிக்க: சில குழல்களுக்குப் பழைய சோக்கைக் கழற்றியாக வேண்டும்; உறையில் உள்ள குறிப்பைப் படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை. ஏழு மில்லிமீட்டர் காயானாலும் வெளுத்திருந்தால் மதிப்பில்லை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால்தான் கறுப்பு பாலிதீனில் கட்டுகிறோம். அப்படியிருக்க, மீன் தொட்டி விளக்கருகே ஏலக்காய் பாட்டிலை அழகுக்கு வைப்பது சரியா? நாம் வைத்திருந்தோம், இப்போது எடுத்துவிட்டோம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். ஒரு சோக்கின் விலை சில நூறு ரூபாய்தான். ஒரு மூட்டை ஏலக்காயின் விலை நாம் அறியாததல்ல. இன்றிரவு கடை அடைக்கும் முன், கடை விளக்குகள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிமிடம் நின்று காது கொடுத்துக் கேட்போம். இரைகிற சோக்கை நாளை காலையிலேயே மாற்றுவோம்.